மூடி இல்லாத ரம்பம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இடது கைக்கு இன்னும் பழகவில்லை. உன் அண்ணி எழுதித் தருகிறேன் என்றாள். இதை நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு செய்கிறோம். நான் அளவு குறித்துக் கொடுக்கிறேன், ரம்பத்தில் அண்ணியின் தம்பி நிற்கிறான். அவன் அறுத்த பலகையைப் பார்த்தால் மூலைமட்டமே அழுதுவிடும். அம்மாவுக்கு முட்டிவலி அதிகம். மாடி ஏறுவதை விட்டுவிட்டாள்.

நீ போய் எட்டு மாதமாகிறது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என்னை மன்னிச்சிடுண்ணே" என்று அழுதாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "கூடப்பிறந்தவன் பொழப்பையே கெடுத்துட்டியேடா" என்று அம்மா கத்தியதும் கேட்டது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போதகர் இரண்டு முறை வந்தார். "தம்பியை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். சபையில் எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். கேட்கக் கேட்க நெஞ்சில் முள் தைக்கிறது. மூன்று மாதமாகத் திருவிருந்து அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரம்பத்தின் மூடியைக் கழற்றியவன் நீதான். தடித்த பலகை நுழையவில்லை என்று கழற்றிவிட்டு, திரும்ப மாட்டாமல் சாப்பிடப் போனாய். ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். மூடி என் காலடியில்தான் கிடந்தது. மாட்ட ஒரு நிமிடம் ஆகாது. ஒரே ஒரு பலகைதானே என்று தள்ளினேன். மூன்று விரல் போயிற்று. கண் விழித்தபோது எல்லாரும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, தம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். மடியில் இருந்த பைபிளை மூடி வைத்தாள். பிறகு, "எட்டு மாசமா வாயில என்னடா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நீ போனதிலிருந்து குடும்ப ஜெபத்தில் சொல்லாத உன் பெயரை மறுநாள் சொன்னாள். என் பெயரை விட்டுவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் உன்னை நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். அதற்காகவும் ஜெபிக்கிறேன். நான் உன்னை மன்னிப்பது இருக்கட்டும். நீ என்னை மன்னிப்பாயா?

பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம். நேரில் வந்து என்னை நாலு வார்த்தை திட்டு. வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்று திட்டிவிட்டுத் திரும்பிப் போவதாக இருந்தாலும் சரி, வா.

அங்கே நீ எந்த மெஷினில் நிற்கிறாயோ எனக்குத் தெரியாது. உன் பத்து விரல்களையும் ஆண்டவர் பத்திரமாகக் காக்கட்டும்.

உன் அண்ணன்