நிழலுக்குப் பயப்படும் மீன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. செய்தித்தாள் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாய். நோய் தாங்கும் டிரவுட் மீன் இனத்தை உருவாக்கியவர் என்று போட்டிருந்தார்கள். நீ அனுப்பிய முட்டைகளை இந்தப் பண்ணையில் பொரிக்க வைத்து ஆற்றில் விட்டவன் பெயர் அதில் இல்லை. இருக்கட்டும்.

அப்பாவுக்கு நடை போய்விட்டது. குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். ஆற்றுக் காவலராக இருந்தவர் அல்லவா, அந்த நோயில் ஆற்று மீன்குஞ்சுகள் வால் கறுத்து, வட்டமடித்தே செத்ததைப் பார்த்த கண். ஆற்றிலேயே பிறந்த மீனை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்கிறார். மாத்திரை கொடுக்கப் போனாலும், "சின்னவன் மீன் நேரா நீந்துதாடா?" என்பதுதான் கேள்வி. கொடுக்கிற கை யாருடையது என்று நினைவிருக்கிறதோ என்னவோ.

உன் மீன்களுக்கு நோய் வரவில்லை. பயமும் வரவில்லை, அதுதான் வினை. தலைமுறை தலைமுறையாகக் கையால் தீனி போட்டு வளர்த்த இனம். நிழல் விழுந்தால் தீனி என்று வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. முதல் வருடம் விட்டதையெல்லாம் கொக்குகள் தின்று தீர்த்தன. "உங்க தம்பி கொக்குக்கு நல்லா விருந்து வெச்சுட்டார் சார்" என்று பண்ணை இயக்குநர் சிரித்தார். நீ எங்களை விட்டு ஓடியதற்காக உன்னை நான் ஆயிரம் சொல்வேன். அவர் சொல்லக் கூடாது.

அதன்பின் தொட்டிகளைப் பலகையால் மூடினேன். தீனியைக் குழாய் வழியாக அடியில் விட்டேன். தினமும் பலகையை விலக்கி, துடைப்பத்தின் நிழலைக் காட்டி விரட்டினேன். சாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நிழல் பட்டாலே கல்லடியில் ஒளிகிற மீன்களைத்தான் அடுத்து ஆற்றில் விட்டேன்.

அவற்றை விட்டு மூன்று வருடமாயிற்று. போன வாரம் ஆற்றின் மேல்பாறைப் பக்கம், கூழாங்கல் நடுவே, விரல்நக நீளக் குஞ்சுகள். அங்கே நாங்கள் எதையும் விட்டதில்லை. நேராக நீந்தின. என் நிழல் விழுந்ததும் காணாமல் போயின.

பாட்டிலில் பிடித்து வரட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். "பாட்டில்ல கிடந்தா அது ஆத்து மீனாடா?" என்கிறார். அங்கே வண்டி போகாது. அவரை நாற்காலியோடு தூக்கிப் போக இரண்டு பேர் வேண்டும்; ஒருவன் நான் இருக்கிறேன். பண்ணை ஆட்களைக் கேட்கலாம்; நான் கேட்கவில்லை.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நன்றாக இரு. குளிர் தொடங்கினால் குஞ்சுகள் ஆழத்துக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
அண்ணன்