மழைமூடிக்கு வந்த காப்புரிமை

இன்று காலை எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தார் காய்ச்சினார்கள். மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களில் மூடி ஒட்டும் வேலை தொடங்கிவிட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்தது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும். நீ செத்த பிறகும் அது அடங்கவில்லை, என்ன செய்ய?

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்து வேர்க்‌ஷாப்பில் ஒரே மேசையில்தான் வேலை பார்த்தோம். நீ ரப்பர் பால் வடியும் சிரட்டை கவிழாமல் பிடிக்கும் கொக்கி செய்தாய். நான் பால் வெட்டும் பட்டையில் மழை வழியாமல் காக்கும் மூடி செய்தேன். இரண்டுக்கும் ஒன்றாகவே காப்புரிமை கேட்டோம். உனக்கு முதல் தடவையிலேயே கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். உன் வீட்டுக்கு வந்தால் அந்தச் சுவரைப் பார்க்காமலேதான் தேத்தண்ணி குடிப்பேன்.

எனக்கு வந்தது கேள்விதான். எது என் கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில், "மழையைப் போதிய அளவு தடுக்கும், தகுந்த பொருளால் ஆன எந்த மூடியும்" என்று எழுதியிருந்தேன். எவனும் சுற்றிக்கொண்டு போய் நகல் அடித்துவிடக் கூடாதென்ற கெட்டிக்காரத்தனம். போதிய அளவென்றால் எவ்வளவு, தகுந்த பொருள் எது என்று காப்புரிமை அலுவலகத்துப் பரிசீலகர் கேட்டார். இப்படிப் பார்த்தால் காலங்காலமாக மரத்தில் கட்டும் பொலித்தீன் தாளும் இதில் அடங்குமே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

நீ வாசித்துவிட்டுச் சிரித்தாய். "மச்சான், மலையையே வளைச்சுப் போடப் பாக்குற. அவங்க எதைன்னு தேடிப் பாப்பாங்க? நீ செஞ்சது எது, அதை மட்டும் சொல்லேன்."

"ஒனக்குக் கெடைச்சிருச்சு, பேசுவ," என்றேன்.

"ஹரி ஹரி, சரி விடு, நான் பேசல," என்று கொக்கியை அராவத் திரும்பிவிட்டாய்.

பிடிவாதமாக, "போதிய" என்பதை எடுத்துவிட்டு "வேண்டிய" என்று போட்டு அனுப்பினேன். மறுபடியும் அதே கேள்வி. அதற்குள் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். பதில் அனுப்பக் கடைசித் தவணை நெருங்கியது, அது தவறினால் விண்ணப்பமே போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நீ சொன்னபடி எழுதியதை வெட்டிக் குறைத்தேன். மிஞ்சியது கீழ் விளிம்பில் வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு. விழுகிற தண்ணீரை வெட்டில் படாமல் மரத்தின் பின்பக்கம் கொண்டுபோய்விடும் மடிப்பு. படத்தில் அது முதலிலிருந்தே இருந்தது, எழுத்தில்தான் இல்லை. இவ்வளவுதானா என்று மனம் சுருங்கியது. ஆனால் அது வேறு எவனிடமும் இல்லை.

போன வாரம் சான்றிதழ் வந்தது. மனைவி ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள், நான்தான் இன்னும் மாட்டவில்லை. இப்போது எதை எழுத உட்கார்ந்தாலும் "நீ செஞ்சது எது" என்று உன் குரல் கேட்கிறது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று அதிலும் பொறாமைதான். ஒரே ஒரு தடவை, என் வீட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்க்காமல் நீ தேத்தண்ணி குடிப்பதை நான் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் இடங்கொடுக்காமல் போய்விட்டாயே.