'கேர்' சொல்லுக்கு எடுத்துக்காட்டுகள்

அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வருவாள், நீ அலையாதே என்று எழுதியிருந்தாய். அதனால் நானும் லீவு கேட்கவில்லை.

அகராதி அலுவலகத்தில் இந்த மாதம் என் பங்குக்கு வந்தது 'கேர்' என்ற பழைய ஆங்கிலச் சொல். அக்கறை, கவலை, கவனம், பராமரிப்பு என்று இன்று அதற்குப் பல பொருள். தொடக்கத்தில் துயரம் என்றே பொருள். 'க்யூர்' அதன் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள், இல்லை. உண்மையான சொந்தம் 'chary' என்ற வேறொரு சொல். அது முன்பு துயரப்படுகிறவரைக் குறித்தது, இப்போது எதையும் அளந்தே கொடுக்கிறவரைக் குறிக்கிறது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று என்னைத் திட்டுவாயே, அந்த ரகம்.

ஒவ்வொரு பொருளுக்கும் நாங்களே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தேன். தலைமைப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது அகராதியா, உங்க வீட்டுக் கதையா? எல்லா வாக்கியத்துலயும் ஒரு அம்மா தனியா கண் ஆபரேஷனுக்குப் போறாங்க!"

"மாத்தி எழுதிடறேன், மேடம்."

"அதை நான் மாத்திக்கிறேன். நீங்க ஊருக்குக் கிளம்புங்க. சொல் எங்கயும் ஓடிப்போகாது."

எனக்கே தெரியாமல் அப்படி எழுதியிருக்கிறேன். சிரிக்காதே.

என் குக்கர் வெயிட் தொலைந்துவிட்டது. உன்னிடம் இருக்கும் பழையதை எடுத்து வை. இங்கும் கிடைக்கும்தான். விசில் இல்லாமல் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். டிக்கெட் வாங்கிவிட்டேன். உன் கண் கட்டைப் பிரிக்கும்போது எதிரில் நான்தான் நிற்பேன்.

உன் மகள்