இரண்டு தரம் தோற்கும் வரைக்கும்

மச்சாள்,

நேற்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் கச்சான் கடலை வறுக்கும் மணம் மூக்கில் ஏறியது. வாங்கவில்லை. பேத்தி துளசி முன்னுக்கு விறுவிறு என்று நடந்தாள். நெஞ்சு படபடக்க நான் பின்னால் போனேன். மேசையில் தடியால் பந்தடித்துக் குழிக்குள் போடும் பூல் போட்டிக்கு அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது இரண்டு வருடத்துக்குப் பிறகு நேற்றுத்தான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த முதல் போட்டியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எட்டுப் பிள்ளைகள். என் பேத்தி வெல்லப்போகிறாள் என்று எங்கள் கரவெட்டி முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். கடைசியாகப் போட வேண்டிய கறுப்புப் பந்து குழி வாயில் வந்து நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கரப்பந்தாட்டம் நடந்தால், தோற்ற பக்கம் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எழும்படி, போவம்" என்றேன்.

"அம்மம்மா, எனக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருக்கணை. தோத்த ஆக்களுக்கு வேறை பக்கம் இருக்கு."

"தோத்தவைக்கு என்னத்துக்கு இன்னொரு ஆட்டம்? பாவம் பாத்துத் தாறாங்களோ? எங்களுக்கு ஒருத்தற்றை பிச்சையும் வேண்டாம்."

பட்டியல் வைத்துப் பெயர் கூப்பிட்டவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் விளங்காதவள் என்று தெரிந்துவிடுமே. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பயம் எந்த மண்டபத்துக்கும் கூடவே வந்து பக்கத்தில் உட்காரும். அவளைக் கையில் பிடித்து இழுத்துவந்து பஸ் ஏற்றினேன். வல்லைவெளி தாண்டும்போது அவளுடைய கைபேசி அடித்தது. பெயர் கூப்பிட்டும் ஆள் இல்லாததால் அடுத்த ஆட்டத்தையும் தோற்றதாக எழுதிவிட்டார்களாம். துளசி அழவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் வேலிக்கு மேலால் என் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் பிடித்துவிட்டீர்கள். நெல்லியடியில் அவள் விளையாடப் பழகும் இடத்துக்குப் போய், பொறுப்பானவரை இருத்திவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். பிறகு என் முன்னால் அரிசி புடைக்கும் சுளகை வைத்தீர்கள். அதில் கோதோடு எட்டுக் கச்சான்.

"இஞ்சை பார். எட்டும் மேல்பக்கம். ஒருக்கால் தோத்தால் கோது உடையும், கீழ்ப்பக்கம் இறங்கும். ரண்டாந்தரமும் தோத்தால்…" கோது உடைந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டீர்கள். "முடிஞ்சுது."

"அப்ப கீழை விளையாடுறது பிச்சையில்லையோ?"

"விசரி! எல்லாருக்கும் ரண்டு உயிர். மேலை நிக்கிறவள் தன்ரையிலை ஒண்டையும் இன்னும் விடேல்லை. உன்ரை பேத்தி ஒண்டை விட்டாள். மற்றதை நீ பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு வந்தாய்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீங்கள் விடவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று மிஞ்சும்வரை கச்சானை உடைத்தும் தின்றும் ஆட்டத்தை நடத்தினீர்கள்.

"இப்ப கீழை இருந்து வந்தவள் மற்றவளை ரண்டுதரம் வெல்ல வேணும். ஏன் சொல்லு பாப்பம்?"

மேல்பக்கத்தில் மிஞ்சியிருந்த கச்சானைத் தொட்டேன். "மேலை நிக்கிறவளின்ரை கோது இன்னும் உடையேல்லை."

"பாத்தியே? உனக்கு மூளையில்லையெண்டு ஆர் சொன்னது?"

போன வருடம் நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினீர்கள். அதன் பிறகு நான் ஒவ்வொரு விடியலும் வேலியடியில் நின்று, உங்கள் இருமல் கேட்கிறதோ என்று காது கொடுப்பேன். ஒருநாள் பிடிபட்டேன்.

"ஏனடி ஒளிச்சு நிக்கிறாய்? என்ரை கோது உடைஞ்சு போச்சு, எனக்கும் தெரியும். கீழ்ப்பக்கத்திலையும் ஆட்டம் இருக்கு. போய்த் தேத்தண்ணியைப் போடு."

அதற்குப் பிறகும் எட்டு மாதம் விளையாடினீர்கள். கண்ணை மூடுவதற்கு முதல் கிழமை துளசியைக் கூப்பிட்டு, "அடுத்தமுறை இவளையும் கூட்டிக்கொண்டு போ. இப்ப இவளுக்கு விளங்கும்" என்றீர்கள். உங்கள் சொல்லுக்காகத்தான் அவள் நேற்று என்னைக் கூப்பிட்டது.

நேற்றும் முதல் ஆட்டத்தில் தோற்றாள், மச்சாள். என் கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். துளசி தடியை ஊன்றிக்கொண்டு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. பிறகுதான் அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

இனி எந்த ஆட்டத்தில் தோற்றாலும் அதுதான் கடைசி. ஒன்றை வென்றால், மேலே தோற்ற இன்னொருத்தி இறங்கி வந்து எதிரில் நிற்கிறாள். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் வெளியே போக வேண்டி வரும், போன நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? விளையாடுவது நானில்லை என்பது அப்போது மனதுக்கு ஏறவில்லை. இரண்டு தரம் போய், "தம்பி, எங்கடை பிள்ளைக்கு இனி எப்ப?" என்று பட்டியல்காரரிடம் கேட்டேன். ஆம், நானேதான் கேட்டேன்.

நான்கு ஆட்டம் வென்று இறுதிக்கு வந்தாள். எதிரில், அதுவரை ஒன்றும் தோற்காத, சிரிப்பே இல்லாத ஒரு பிள்ளை. துளசி அவளை வென்றதும் பின் கதிரையில் இருந்த பெண் என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, உங்கடை பிள்ளை வெண்டிட்டாள்!"

"இல்லைப் பிள்ளை. இப்பதான் மற்றவளுக்குக் கோது உடைஞ்சிருக்கு" என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தோல்வி. இனி ஒரே ஆட்டம். கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மேசையில். துளசி அடித்தது விளிம்பில் பட்டுத் திரும்பிவிட்டது. மற்றப் பிள்ளை அதைக் குழிக்குள் போட்டு வென்றாள்.

துளசி வந்து என் பக்கத்தில் இருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. "வா போவம்" என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"பிள்ளை, இன்னும் ஏதும் ஆட்டம் இருக்கோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு இனி இல்லையணை அம்மம்மா. ரண்டும் போச்சு. பரிசு குடுக்கினம், நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

கடைசிவரைக்கும் நின்றேன். அந்தச் சிரிக்காத பிள்ளைக்கும் கைதட்டினேன். அடுத்த போட்டிக்கும் என்னை வரச் சொல்லியிருக்கிறாள் துளசி. விளங்காததைக் கேட்கும் வாயை எனக்குத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள், மச்சாள். இந்தப் படபடப்பைத்தான் கொண்டுபோக மறந்துவிட்டீர்கள்.