குதிரையின் வலப்பக்கம்

மார்ச் 4

பயிற்சியாளருக்கு,

சின்னவள் ஏன் பந்தயம் தொடங்கும் கூண்டுக் கேட்டுக்குள் நுழைய மறுக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. இருபத்துநாலு வருடம் குதிரை வைத்தியம் பார்த்தவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் கண்ணால் பார்க்காத குதிரைக்கு மருந்து எழுதிப் பழக்கமில்லை.

அவள் காதில் நான் என்ன மந்திரம் ஓதினேன் என்றும் கேட்கிறீர்கள். மந்திரமெல்லாம் இல்லை. அவளுக்கு மூன்று நாள் வயதாகும்போது அவள் தாய்க்குக் கடைசி ஊசி போட்டது நான். பிறகு புட்டிப்பால் கொடுத்ததும் நான். வண்டியில் ஏற்றும்போது ஏதாவது பேசிக்கொண்டே போவேன், அவ்வளவுதான்.

பண்ணையில் இந்த வருடம் இதுவரை பதினொரு குட்டிகள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நீங்கள் போய் ஒரு வருடம் கழித்து வந்த கடிதம் குதிரைக்காக வந்திருக்கிறது, அதுவாவது வந்ததே.

டாக்டர்

மார்ச் 11

டாக்டரம்மா,

குழாய்க்கு நூல் சுற்றச் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்.

சின்னவள் இரண்டாம் தடவையும் நின்றுவிட்டாள். எட்டுக் குதிரைகள் உள்ளே; இவள் மட்டும் வெளியே, விருந்துக்கு வந்து செருப்பைத் தேடுகிறவள் மாதிரி. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிழவர் எல்லோர் முன்னாலும் கத்தினார்: "என்னய்யா, உங்க மகாராணிக்குப் பல்லக்கு வேணுமா? இன்னொரு தடவ நின்னா இந்த சீசனுக்கே பேரை அடிச்சிடுவேன், பாத்துக்கோ!" பேரை அடித்தால் அன்றைக்கே விற்றுவிடு என்கிறார் முதலாளி. இருபதாம் தேதிதான் கடைசி.

நீ வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். அவளை.

அவள் தாயைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். இது நாலாவது. இதிலும் எழுத வரவில்லை.

குதிரைக்காரன்

மார்ச் 15

பயிற்சியாளருக்கு,

நேற்று ஒரு குட்டியை நடத்திக்கொண்டு போனேன். புதிதாக வந்த கம்பவுண்டரம்மா சிரித்தாள்: "டாக்டர், எல்லாரும் குதிரைக்கு இடப்பக்கம் நிப்பாங்க. நீங்க என்ன வலப்பக்கம் நிக்கிறீங்க?"

எனக்குக் கயிறு இடது கையில்தான் நிற்கும். நொட்டாங்கைக்காரி என்று இருபத்திரண்டு வருடக் குடித்தனம் முழுக்கக் கேலி செய்தீர்கள். உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சின்னவளை நடத்தப் பழக்கியது நான், அவளுக்கு வலப்பக்கம் நின்று. திறந்த வெளியில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் வருவாள். நெருக்கமான இடத்தில் பழைய பக்கத்தைத் தேடுகிறாள் போலிருக்கிறது. ஊகம்தான், நம்பவேண்டாம், செய்து பாருங்கள்.

வருவதாக நான் சொல்லவில்லை. இங்கே இரண்டு பிரசவம் இருக்கிறது.

டாக்டர்

மார்ச் 19, மாலை

உங்களுக்கு,

பதில் இல்லை. தபாலுக்கு நேரமும் இல்லைதான்.

அவள் தாய்க்கு இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்றீர்கள். முறிந்த அந்தக் கால் அன்றைக்கே முடிந்துபோயிருந்தது. இன்றானாலும் அதையேதான் செய்வேன். ஆனால் உங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுச் செய்தேன். நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது எனக்குத் தெரியும். கூட நிற்க விட்டிருக்கலாம். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வருடமும் ஒரு குதிரையும் தேவைப்பட்டிருக்கிறது.

கடைத்தெருவுக்குப் போகும்போது பை என் இடது கையில், நீங்கள் எனக்கு வலப்பக்கம். இப்போதும் தெருவின் இடது ஓரமாகவே நடக்கிறேன். வலப்பக்கம் சும்மா கிடக்கிறது.

பிரசவம் இரண்டும் இன்று காலையே முடிந்துவிட்டது. சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 20, சாயங்காலம்

முதல் பேருந்தில் வந்தேன். கேட்டுக்கு எதிரே வேலியோரம் நின்றேன், நீங்கள் பார்க்கவில்லை. அவளுக்கு வலப்பக்கம் நின்று நடத்தி வந்தீர்கள். அப்படியும் நின்றாள். கிழவர் வாயைத் திறந்தார். நீங்கள் அவள் காதில் என்னவோ சொன்னீர்கள். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன மந்திரம் என்று நான்தான் இனிக் கேட்கவேண்டும்.

ஒன்பதில் ஐந்தாவதாக வந்தாள். பேர் அடிபடவில்லை.

பிறகு வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு புல்வெளியில் திரும்பி வந்தீர்கள். குதிரை இல்லை. ஆனாலும் வலது வேலியை ஒட்டியே நடந்தீர்கள், இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

இந்தக் கடிதத்தை லாயத்து அறையில் உங்கள் மேசைமேல் வைக்கிறேன். வாசல் பெஞ்சுக்கு இன்றுதான் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்கள். அதனால் நின்றுகொண்டிருக்கிறேன். பை இடது கையில்.