வேனில் சொன்ன பாஸ்வேர்டு

ஜோதி தாயி,

சட்டியில புளிக்கொழம்பு இருக்கு. நேத்து ராத்திரி மாதிரி பட்டினி கெடக்காத. சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் பள்ளிக்கூடம் போ.

நீ எதுக்கு அம்புட்டுக் கோவப்பட்டேன்னு எனக்கு இன்னும் வெளங்கல. கம்ப்யூட்டர் வகுப்புல பாஸ்வேர்டா எம்பேரைத்தான் வச்சிருக்கேன்னு நீதான சொன்ன? அந்தச் சந்தோசத்துல பட்டாசுக் கம்பெனி வேன்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அது ஒரு குத்தமா?

வேன் ஆரன் அடிக்கான். வாரேன்.

அம்மா

இன்னொண்ணு. அம்மா பேருன்னா யாரும் லேசா கண்டுபிடிச்சிருவாக, மாத்துன்னு சாரு சொன்னாராமே? எப்படித் தாயி கண்டுபிடிப்பாக? எம்பேரு வீரலட்சுமின்னு வேன்ல உள்ளவுகளுக்கே நேத்து நான் சொல்லித்தான் தெரியும். இத்தன வருசமா அவுகளுக்கு நான் ஜோதி அம்மாதான்.