அண்ணை, அந்தச் சிவப்புப் பொட்டு நான் வைத்தது

அன்புள்ள அண்ணைக்கு,

போன சனிக்கிழமை கோப்பன்ஹேகனில் பழைய கணக்கு மெசின்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் மண்டபம் ஒன்றுக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். மூன்றாவது கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் மெசின் இருந்தது. எங்கள் குசினி மேசையில் ஒரு மாரிகாலம் முழுக்கக் கிடந்த அதே சாம்பல் நிறச் சாமான். நாலாம் எண் விசையின் மூலை உடைந்திருந்ததைக் கண்டதும் அதேதான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பை மகள் வாசித்துச் சொன்னாள். என் குரல் உடனே உயர்ந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

ட்ரான்சிஸ்டரில் ஓடிய முதற்காலக் கல்குலேட்டர்களில் இது ஒன்றாம். வடிவமைத்த இரண்டு பொறியியலாளரின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருந்தன. பாகங்கள் எல்லாம் தொழிற்சாலையில் பூட்டியவையாம், இன்றுவரை எவரும் கை வைக்கவில்லையாம். பின்பக்கத்துச் சிவப்புப் புள்ளி, தொழிற்சாலைச் சோதனையாளர் இட்ட முத்திரையாம்.

நகருக்கு வெளியே புரொண்பியில் நீங்கள் கூட்டித் துடைத்த அலுவலகத்தில் அதை எறியச் சொல்லித்தான் உங்களிடம் தந்தார்கள். நீங்கள் கேட்டு வாங்கி, படுக்கை விரிப்பில் சுற்றி, சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்களுக்கு மேல்மாடியில் நீங்கள் தனியாகக் குடியிருந்த அறையில் மேசை வைக்க இடமில்லை, அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரும்புக்கடை வைக்கப்போறியளோ என்று என்ரை மனுசன் பகிடி பண்ணினார்.

"இரும்பில்லைத் தம்பி. கணக்குத் தெரிஞ்ச சாமான். கொஞ்சம் மறந்துபோச்சு, அவ்வளவுதான்" என்றீர்கள்.

இன்றைக்கு நகத்தளவு சில்லில் அடங்குகிற வேலைக்கு அந்தக் காலத்தில் ஓர் இலக்கத்துக்கு ஒரு பலகை வேண்டியிருந்தது. பலகை நிறையச் சின்னத் தொப்பி போட்ட மூன்று கால் ஆட்கள் மாதிரி ட்ரான்சிஸ்டர்கள் நின்றன. கண்ணாடிக் குழாய்களுக்குள் எண்கள் விளக்குத் திரி நிறத்தில் எரிந்தன. கொழும்பில் வங்கி வங்கியாகப் போய் இந்த மெசின்களைத் திருத்தியவர் நீங்கள். இங்கே வந்து வேலை கேட்ட இடத்தில் அதைத்தான் சொன்னீர்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் தலையாட்டிக் கேட்டுவிட்டு, படிவத்தில் "ரெங்கோரிங்" என்று எழுதினாளாம். துப்புரவு வேலை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக் கணக்கு எழுதி எழுதித்தான் கூட்டல் எனக்குக் கைவந்தது. நீங்கள் விசையைத் தட்ட, நான் தாளில் கூட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். சிலவேளை சரியாக வரும், சிலவேளை வராது. பிழைத்த கணக்குகளை மட்டும் பிரித்து அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது. ஆறாம் இடத்தில் பத்து நிறைந்தால் அந்த ஒன்று ஏழாம் இடத்துக்குப் போகவில்லை. சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இதைக் கண்டுபிடிக்கக் கொழும்பில எனக்கு ரெண்டு நாள் பிடிச்சிருக்கும், தங்கச்சி."

ஏழாம் பலகையில் மூன்று ட்ரான்சிஸ்டர்கள் செத்திருந்தன. அதே மாதிரி எங்கும் கிடைக்கவில்லை. எறிந்த ரேடியோக்களைத் தேடிப் பிடித்துக் கழற்றினீர்கள். அந்தக் காலத்து ட்ரான்சிஸ்டர் இரண்டு ஒன்றுபோல் இருக்காது என்று சொல்லி, ஒவ்வொன்றாக அளந்து, பொருந்தியதை மட்டும் பற்றவைத்தீர்கள். பிறகு ஆறு ஒன்பதுகளை அழுத்தி ஒன்றைக் கூட்டினோம். ஆறும் பூச்சியமாக விழ, ஏழாம் குழாயில் ஒன்று எரிந்தது. மனுசன் பகிடியை நிறுத்தினார்.

அந்த வருசம் சரஸ்வதி பூசைக்குப் பிள்ளையின் புத்தகங்களோடு மெசினையும் வைத்தோம். நல்லெண்ணெயில் குங்குமம் குழைத்து அதன் முதுகில் பொட்டு வைத்தது இந்த விரல். உள்ளே சிந்திவிடுவேனோ என்று நீங்கள் பக்கத்தில் பதறிக்கொண்டு நின்றீர்கள்.

உங்களோடும் எனக்குக் கோபம் இருக்கிறது, அண்ணை. அலுவலகத்தின் ஆண்டு விழாவுக்கு அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தீர்களே. அவையின்ர சாமான்தானே, ஓடுறதை அவையும் பார்க்கட்டும் என்றீர்கள். எல்லாரும் மெசினுக்குக் கைதட்டினார்களாம். ஆர் திருத்தியது என்று ஒருவரும் கேட்கவில்லையாம், நீங்களும் சொல்லவில்லை. பிறகு நல்ல சேர்ட்டோடு நின்ற உங்களைக் கோப்பிக் கோப்பைகளை எடுக்கச் சொன்னார்களாம். அதைச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னீர்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்துதான் அது இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறது. அன்று மண்டபத்துக்குப் பொறுப்பாக நின்றவரிடம் போனேன். மெதுவாக் கதையுங்கோ அம்மா என்று மகள் கையைப் பிடித்தாள்.

"நாங்கள் மெதுவாக் கதைச்சபடியாலதான் இப்பிடி எழுதி வச்சிருக்கினம். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு" என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார், ஆதாரம் இருக்கிறதா என்று. ஏழாம் பலகையைக் கழற்றிப் பாருங்கள், மூன்று மட்டும் வேறாக இருக்கும் என்றேன். சிவப்புப் புள்ளி சோதனையாளர் வைத்தது என்பது சரிதான், ஆனால் அந்தச் சோதனையாளர் நான்தான், உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். மகள் அதையும் மொழிபெயர்த்தாள்.

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. கழற்றிப் பார்த்தார்களாம். மூன்றும் வேறுதானாம். மன்னிப்புக் கேட்டுப் புதுக் குறிப்பையும் அனுப்பியிருந்தார்கள்: "பிற்காலத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி இதைத் திருத்தினார். சிவப்புப் புள்ளி ஒரு சமய அடையாளம்."

மாத்திப்போட்டாங்கள்தானே, காணும் என்றார் மனுசன். எனக்குப் போதாது. வடிவமைத்த இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் விளக்குமாறு இருக்கிறது. நிலம் துடைத்ததில் ஒரு வெட்கமும் இல்லை, அண்ணை. ஆனால் ஏழாம் பலகையைத் திருத்தியது துடைக்கிற துணி இல்லை.

இன்று சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, மகளிடம் கேட்காமல் எனக்குத் தெரிந்த டேனிஷில் பதில் எழுதி அனுப்பினேன். உங்கள் தகப்பன் பெயரோடு முழுப்பெயரும் எழுதி, கீழே "கணக்கு மெசின் திருத்துநர்" என்று போட்டேன். அந்த வரி அப்படியே வரவேண்டும் என்றேன். பதில் வராவிட்டால் சனிக்கிழமை நேரே போவேன். அங்கே போய்ச் சத்தம் போடுவேனோ என்று மகளுக்குப் பயம்.

அந்த மாரியில் ஒருநாள் விடை பிழைத்த எரிச்சலில் நான் மெசினின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி போட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "எந்தப் பலகையில பிழை எண்டு தெரியாமல் தட்டக்கூடாது, தங்கச்சி" என்று மட்டும் சொன்னீர்கள். அன்றிலிருந்து எதிலும் அப்படித்தான் நடக்கிறேன்.

இப்போது பலகை தெரிந்துவிட்டது, அண்ணை. இனி நான் தட்டுவேன்.